பால் மரம் சிவக்கும் மாதம்

அக்டோபரில் கொரியா போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததிலிருந்து மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. செலவைப் பற்றிய கவலை அல்ல அது. மகள் சம்பாதிக்கிறாள், நானும் சேர்த்து வைத்ததில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். திட்டத்திலும் குறை சொல்ல இடமில்லை. சியோலில் இறங்கி, பேருந்து பிடித்துக் கிழக்குக் கரைக்குப் போய், சொராக்சான் மலையில் ஏறி இலை பார்ப்பது. பிறகு மலையடியிலேயே கடலோரமாக இருக்கும் சோக்சோவில் தங்கி மீன் சந்தை, துறைமுகம், கடற்கரை என்று இரண்டு மூன்று நாள் சுற்றுவது. எந்த வாரம் எந்த உயரத்தில் இலை எந்த நிறத்தில் இருக்கும் என்பது வரை மகள் அட்டவணை போட்டுவிட்டாள். கொரிய வானிலை ஆய்வு நிலையம், உச்சியிலிருந்து மலையின் 20 விழுக்காடு நிறம் மாறினால் அதைத் தொடக்கம் என்றும், 80 விழுக்காடு மாறினால் உச்சம் என்றும் கணக்கிட்டு அறிவிக்கிறது. செப்டம்பர் கடைசியில் சொராக்சானின் 1,708 மீட்டர் உச்சியில் தொடங்கும் சிவப்பு, நாளுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, நவம்பர் முதல் பாதியில் நேஜாங்சான் மலையில் உச்சம் அடைகிறது. ஒரு நாடே இலைக்கு நாள் குறித்துவைத்துக் காத்திருக்கிறது என்று படித்தபோதுதான் இந்த உறுத்தல் தொடங்கியது. இலை உதிரும் நாளை விரல்விட்டு எண்ணியவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். அவர்கள் பயத்தோடு எண்ணினார்கள்.

இன்றைக்கு எங்கள் பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிக் குடிவருகிறவர்களிடம் இந்த வட்டாரத்திலும் ஓர் இலையுதிர் காலம் இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது நெடுஞ்சாலை, இருபுறமும் தாமான்கள், அதற்கப்பால் மிஞ்சியிருக்கும் செம்பனை. ரப்பர் என்கிற பால் மரங்கள் நின்ற காலத்தில், தை பாதியிலேயே அது தொடங்கிவிடும். மழை விட்டு, காற்று வறண்டு, உதடு வெடிக்கிற நாட்களில் தீம்பாரின் ஓரத்து மரங்களில் ஒன்றிரண்டு கிளைகள் மஞ்சளாகும். அடுத்த வாரம் நிரை நிரையாக மாறும். மஞ்சள் முற்றி ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகி, சில மரங்களில் கருஞ்சிவப்பு வரை போகும். பால் மரத்து இலை ஒரே காம்பில் மூன்றாகப் பிரிந்திருக்கும். உதிரும்போது அந்த மூன்றும் தனித்தனியாகக் கழன்று விழும். நீளமான காம்பு மட்டும் கொஞ்சம் தாமதித்து விழும். கையில் எடுத்துப் பார்த்தால், பரப்பெல்லாம் சிவந்திருக்க நடு நரம்பும் அதிலிருந்து கிளைக்கும் நரம்புகளும் மட்டும் மஞ்சள் மாறாமல் ஓடுவது தெரியும். கணுக்கால் வரை சருகு கிடக்கும். அதன் சத்தத்தில் பாம்பு அசைந்தால்கூடக் கேட்காது என்பதால் எங்களைக் குச்சியால் தட்டிக்கொண்டே நடக்கச் சொல்வார்கள். வருடமெல்லாம் இருட்டாக இருந்த தோட்டத்தில் திடீரென்று வானம் தெரியும். லயத்துத் தகரக் கூரை வெயிலில் முறுகிச் சத்தம் போடும். எந்நேரமும் எங்கோ சருகு எரிகிற வாசனை. பிறகு மொட்டைக் கிளை நுனிகளில் செம்பு நிறத் தளிர்கள், எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு கீழ்நோக்கித் தொங்கும். அதைத் தொடர்ந்து சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள் வரும், தேனீக்கள் வரும். பங்குனி உத்திரக் காவடி புறப்படுகிற சமயத்தில் தோட்டம் மறுபடி பச்சைக்குத் திரும்பியிருக்கும்.

என் பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். இளமையெல்லாம் மரம் சீவியவர். கொரியப் படங்களை மகள் கைப்பேசியில் காட்டியபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “நல்லாருக்கும்மா” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, “இம்புட்டு எலையையும் அங்க யாரு கூட்டுறா?” என்று கேட்டார். மகளுக்குப் பதில் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம தோட்டத்துலயும் இப்படித்தான் செவந்து நிக்கும், இல்ல பெரியம்மா?” என்றேன். “நிக்கும் நிக்கும். அது செவந்தா நம்ம சங்கிலி அடகுக்குப் போகும்” என்றார். கசப்பாகச் சொல்லவில்லை. மழை வந்தால் ஆறு பெருகும் என்று சொல்கிற மாதிரி, இயற்கையில் ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று நடக்கும் என்கிற தொனியில் சொன்னார். அந்தத் தொனிதான் என்னைவிட்டுப் போகவில்லை. இலை சிவப்பதற்கும் சங்கிலி அடகுக்குப் போவதற்கும் இயற்கையில் எந்தத் தொடர்பும் கிடையாது. யாரோ உட்கார்ந்து ஏற்படுத்திய தொடர்பு அது.

அதை விளங்கிக்கொள்ளப் பால்மரத்து வேலை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டு. பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள், மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் சீவினால்தான் பால் தடையின்றி ஓடும். முதல் நாள் கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, மங்கைத் துடைத்து வைத்து, உளியைச் சாய்த்துப் பிடித்துப் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கை சற்று அழுந்தினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. அழுத்தம் குறைந்தால் பால் இல்லை. நிரை முடிந்ததும் பசியாறிவிட்டு, திரும்ப முதல் மரத்திலிருந்து பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அங்கே தராசு. கிராணி எழுதுகிற எண்ணில்தான் கூலியின் கனம் இருந்தது. இலை உதிரத் தொடங்கினால் பால் இறங்கிவிடும். தளிர் முற்றும்வரை சில தோட்டங்களில் சீவலையே நிறுத்திவைத்து, வெளிக்காட்டு வேலைக்கு அனுப்புவார்கள். அதில் கிடைப்பது குறைவு. சீவல் நடந்த இடங்களிலும் மங்குக்குள் சருகு விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் எடுத்துப்போட்டு வடிகட்ட வேண்டும். தைப்பூச நேர்த்திக்கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் வருடத்தின் அந்த முனையில்தான் குவிந்திருந்தன. சங்கிலி அந்த வழியாகத்தான் அடகுக்கடைக்குப் போனது. நிறுவைக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் வறட்சியின் நட்டத்தையும் மழையின் நட்டத்தையும் தூக்கிச் சுமந்தவர் தராசின் இந்தப் பக்கம் நின்றவர். மாதச் சம்பளம் வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளர்களின் தலைமுறை கடந்த கோரிக்கையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அது முன்னமே கிடைத்திருந்தால், மாசி மாதத்தில் பெரியம்மா ஒருமுறையாவது நிமிர்ந்து மரத்தின் மேலே பார்த்திருப்பாரா? பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மரத்தின் பக்கத்திலிருந்தும் இதை யோசித்துப் பார்க்கிறேன். இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் அதிலிருக்கும் சத்தில் எடுக்க முடிந்ததையெல்லாம் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்துபோக, ஏற்கெனவே ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சிவப்போ கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. கொரிய மேப்பிளுக்கும் நம் பால் மரத்துக்கும் வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான், தூண்டுகிற காரணம்தான் வேறு. அங்கே பகல் குறுகுவதும் குளிரும் இலைக்குச் சேதி சொல்கின்றன. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். இங்கே சேதி சொல்வது வறட்சி. அதனால்தான் சனவரி, பிப்ரவரியில் தெளிவாக வறளும் கெடா, பினாங்கு, பெர்லிஸ் பகுதிகளில் மரங்கள் ஒன்றாகச் சிவக்கின்றன. ஆண்டு முழுதும் மழை விரவியிருக்கும் தெற்கே அந்த அளவு ஒழுங்கு கிடையாது. உதிர்த்த பின் சேமிப்பு முழுவதும் தளிருக்குப் போகிறது, பாலுக்குப் போக மிச்சமில்லை. வருடமெல்லாம் காயத்தைத் திறந்து திறந்து பால் எடுக்கப்படும் மரம், அந்தச் சில வாரங்களில் மட்டும் தனக்காக வாழ்கிறது. இந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதனாலேயே அதன்மேல் சந்தேகமும் வருகிறது. மரத்துக்குக் கிடைத்த ஓய்வை நினைத்து நான் நெகிழ முடிவது, அதன் செலவை எனக்குப் பதில் வேறொருவர் கட்டினார் என்பதால்தானே?

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தின் நிறம் அத்தனை சீராக இருந்ததற்குக் காரணம் ஒட்டுமரம். ஒரு நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்டி நட்டார்கள், ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற எண்களால் அந்த வகைகள் அறியப்பட்டன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்பவை, அடிமரத்துக்கு மேலே பார்த்தால், ஒரே மரத்தின் நகல்கள். ஆகவே அவை ஒரே வாரத்தில் மஞ்சளாயின, ஒரே வாரத்தில் மொட்டையாயின. விதைபோட்டு வளர்த்த பழைய காலத்து மரங்கள் இப்படி இல்லை. ஒன்று சிவந்து நிற்கும்போது பக்கத்து மரம் தளிர்விட்டிருக்கும். ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சில ஆயிரம். அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசானின் தென்பகுதியில் ஆண்டின் நடு மாதங்களில் வறளும். அங்கே நிற்கிற உறவுக்கார மரங்கள் அப்போது உதிர்க்கின்றன. இங்கே வந்தது இங்கத்திய வறட்சிக்குத் தக்கபடி மாசிக்கு மாற்றிக்கொண்டது. இலை உதிர்க்கும் வழக்கத்தை அது கைவிடவில்லை, மாதத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் வேம்பும் அரசும் உதிர்த்துச் செந்தளிர் விடுவதும் இதே மாசி, பங்குனியில்தான். கப்பலேறி வந்த எங்கள் முன்னோர்களுக்கு இந்த அந்நிய மரம் மாசியில் மொட்டையானபோது அது பழகிய காட்சியாக இருந்திருக்குமோ என்று அடிக்கடி நினைப்பேன்.

தோட்டத்தில் யாருமே இலையின் அழகைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். உதிர்ந்த இலைகளில் ஓட்டை விழாததாகப் பொறுக்கி, தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். நாற்றம் தாங்க முடியாது. சதை அழுகிக் கொழகொழவென்று ஆனதும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தட்டில் வைத்து மெதுவாகத் தேய்த்து அலசினால் நரம்பு மட்டும் வலையாக நிற்கும். அதை வெளுக்கப் போட்டு, காயவைத்து, சாயத்தில் முக்கி எடுத்து, கம்பியில் சுற்றிப் பூவாக்குவார்கள். இந்த இலைப்பூக்களை மலாய்க் கம்பங்களிலும் செய்தார்கள், எங்கள் லயங்களிலும் செய்தார்கள். பெரியம்மா கைப்பட்ட பூங்கொத்து ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் வெகுநாள் இருந்தது. ரோஜா நிறம், வெளிர் நீலம், ஒன்றிரண்டு ஊதா. ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு இதழிலும் ஆயிரம் சன்னல்கள் தெரியும். அதில் இலையின் சொந்தச் சிவப்பு ஒரு பூவில்கூட இல்லை. மரம் தானே தந்த நிறத்தை முழுக்க அழுகவிட்டு, கடையில் வாங்கிய சாயத்தை ஏன் ஏற்றினார்கள் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அந்தச் சிவப்பு அவர்களுக்குச் சம்பளம் குறையும் நிறம். வீட்டுக்குள் கொண்டுவந்து அலமாரியில் வைக்க அது வேண்டியதில்லை. வெளிர் நீலம் அவர்கள் தாமாகத் தேர்ந்துகொண்டது. இந்த விளக்கத்தைப் பெரியம்மாவிடம் சொன்னால், கடையில் அந்தச் சாயம்தான் இருந்தது என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்போதும் அந்தப் பூக்களைப் பற்றிய என் மதிப்பு குறையாது.

அந்த மரங்கள் இப்போது இல்லை. செபராங் பிறை தெற்கின் நிலம் ஒரே பயிரில் நிலைத்திருந்ததே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்பு. காலிடோனியா, பைராம், பத்து காவான் என்று பெயர்பெற்ற கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர்கள் முதலில் கூட்டமாகக் கொண்டுவரப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு எடுபட்டு ரப்பர் வந்தது. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பத்து காவானில் அந்தச் செம்பனையும் போய், 2000இல் விளையாட்டரங்கம், 2014இல் கடல்மேல் இரண்டாவது பாலம், 2019இல் ஐக்கியா என்று வரிசையாக வந்தன. கேள்வி இங்கேதான் இன்னும் கடினமாகிறது. நான் எதற்காக ஏங்குகிறேன்? இந்த மண்ணின் இலையுதிர் காலம் என்று நான் சொல்வது, ஒரு நூற்றாண்டுகூட நீடிக்காத, ரப்பர் கம்பெனிகள் நட்ட காட்சி. அதற்கு முன்னே நின்றது சதுப்பும் மழைக்காடும். அதில் இப்படி ஒரே வாரத்தில் எல்லாம் மொட்டையாகும் பருவமே இருந்திருக்காது. அடிமைபோல் வேலை வாங்கிய ஓர் ஏற்பாட்டின் வண்ணத்தை அழகென்று கொண்டாடுவது, அதில் உழைத்தவர்களுக்குச் செய்யும் துரோகமாகாதா? பல இரவுகள் இதை யோசித்திருக்கிறேன். துரோகம் என்று முடிவு கட்ட மனம் வரவில்லை. லயத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் கிடைத்த வானம் அதுதான். செம்பனை நிறம் மாறாது. மட்டையை வெட்டிப் போட்டால்தான் விழும். அப்போதும் அது காய்ந்த பழுப்புதான். செம்பனைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வருடத்தில் எந்த மாதம் நடக்கிறது என்பதைத் தலைக்கு மேலே பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இழப்பை இழப்பு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

சோக்சோவைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கேயும் காட்சிக்குப் பின்னால் மனிதர்கள் நிற்பது தெரிகிறது. 1945இல் கொரியாவை 38ஆம் பாகையில் பிரித்தபோது அந்த ஊர் வடக்கின் பக்கம் விழுந்தது. கொரியப் போருக்குப் பிறகு தெற்கின் கைக்கு வந்தது. வடக்கே ஹம்கியோங்கிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள், சில மாதத்தில் திரும்பிப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் கடலோர மணல்திட்டில் குடிசை போட்டார்கள். திரும்பிப் போகவே இல்லை. அபாய் கிராமம் என்ற பெயரில் அது இன்று சுற்றுலா இடம். கால்வாயைக் கடக்க, கம்பியைக் கையால் இழுத்து நகர்த்தும் தட்டையான படகு ஒன்று ஓடுகிறது. ஏறுகிறவர்களும் கொக்கியைப் பிடித்து இழுக்கலாமாம். மகள் அதையும் அட்டவணையில் சேர்த்திருக்கிறாள். கொரியாவின் மலைகள் பலவும் காலனி ஆட்சியிலும் போரிலும் மொட்டையடிக்கப்பட்டு, 1960களிலும் 70களிலும் கிராமத்து மக்கள் கன்று சுமந்துபோய் நட்டதால் திரும்பப் பச்சையானவை. 1970இல் தேசியப் பூங்காவான சொராக்சானில் பழைய காடு நிறைய உண்டு. ஆனால் அங்கே போகும் வழியெங்கும் பேருந்துச் சன்னலில் தெரியப்போகும் குன்றுகளில் யாருடைய முதுகுவலியோ நிறமாக நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு போவதில் பார்வை கனக்கிறது. இலேசாகப் போய் இலேசாகப் பார்த்துவிட்டு வருவதைவிட அதுதான் எனக்குச் சம்மதம்.

இந்த யோசனைகளுக்கு நடுவில் இன்னொரு பயணத்துக்கும் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், கொரியாவுக்கு மாற்றாக இல்லாமல், அதோடு சேர்த்து. 2026 தீபாவளி நவம்பர் 8. அக்டோபரில் இலை பார்த்துத் திரும்பினால் முறுக்குச் சுட நேரம் கிடைக்குமா என்பது வீட்டுப் பெண்களின் கவலை. அது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்து, சீனப் பெருநாள் கூட்டம் சாலையை விட்டு இறங்கியபின் கிளம்ப வேண்டும். கூலிம் தாண்டி, கோலக்கெட்டில் வழியாகப் பாலிங் வரை. இங்கிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம்தான். கெடாவின் அந்தப் பகுதியில் இன்னும் சிறுதோட்டக்காரர்களின் பால் மரங்கள் நிற்கின்றன. பாலிங்கில் குனோங் பூலாய் என்ற சுண்ணாம்புக்கல் குன்று உண்டு. விடியலில் ஏறிவிட்டால் மேகம் விலகும்போது சுற்றிலும் பள்ளத்தாக்கு தெரியும். தோட்டங்கள் சிவந்திருக்கும் வாரமாகப் பார்த்து ஏற வேண்டும். திரும்பும் வழியில், கால் வலிக்காதவர்களுக்கு நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் புக்கிட் பஞ்சோர். மறுநாள் கடல். பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து புலாவ் அமான், அங்கே இறால் மீ, நூறு ஆண்டு தாண்டிய ஈரப்பலா மரம். எங்கள் கரையோரங்களில் கெத்தாப்பாங் மரமும் உண்டு. அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் நாட்டு வாதுமை. வருடத்தில் இருமுறைகூட அதன் அகன்ற இலைகள் இரத்தச் சிவப்பாகி விழும். அதைப் பார்க்கக் கொரியா போக வேண்டியதில்லை, சம்பளமும் குறைவதில்லை. எந்தத் தோட்டமும் அதை நிரையில் நடவில்லை என்பதால் அது தன் போக்கில் சிவக்கிறது.

இந்தத் திட்டத்தில் சிக்கல் நாள் குறிப்பதில்தான். பால் மரம் எப்போது சிவக்கும் என்று அறிவிக்க இங்கே எந்த நிலையமும் இல்லை. வறட்சி பிந்தினால் நிறமும் பிந்தும். நடுவில் மழை பெய்தால் பாதி உதிர்ந்து பாதி நிற்கும். தளிரில் வெண்பூஞ்சை படிந்து அந்த இளம் இலையும் கொட்டிப்போகும். அண்மை ஆண்டுகளில் வேறொரு பூஞ்சை நோயும் வந்து, பருவம் தப்பி இலையைக் கொட்டவைக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த நோயின் மஞ்சளும் பருவத்தின் மஞ்சளும் ஒன்றாகவே தெரியும். ஆகவே பாலிங் பக்கத்து ஆட்களிடம்தான் விசாரிக்க வேண்டும். அங்கே மரம் சீவுகிறவர்களுக்கு இலை உதிரும் மாதம் இன்னமும் வருமானம் குறையும் மாதம்தான். 1974 நவம்பரில் ரப்பர் விலை வீழ்ந்து, பசி தாங்காமல் விவசாயிகள் தெருவுக்கு வந்தது அதே பாலிங்கில். அவர்கள் மலாய்க்காரர்கள், சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். எங்களுக்கோ நிலமே கிடையாது. ஆனாலும் தராசின் முன் நின்றபோது இரு தரப்பாரின் நிலையும் அதிகம் வேறுபடவில்லை.

பெரியம்மாவைக் கேட்டேன். கொரியாவுக்கு வர மாட்டாராம், குளிர் ஒத்துக்கொள்ளாது. பாலிங்குக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அங்கே எந்த மரம் போட்டிருக்கிறார்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை சீவுகிறார்களா, மூன்று நாளைக்கு ஒருமுறையா, பட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். இலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாலையில் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு வருவதில் அவருக்கு விருப்பமில்லை. நிரைக்குள் இறங்கி மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்குத் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். சீவல் நின்று, கையில் காசு குறைந்து, தளிர் முற்றட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம், உங்கள் மரம் உதிர்வதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “நான் பேசுறேன். மரம் வெட்டுனவன்னு சொன்னா உள்ள விடுவாங்க” என்றார் பெரியம்மா. மலாயில் அதை எப்படிச் சொல்வார் என்று சொல்லியும் காட்டினார். பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறோம், மழை பெய்தால் தள்ளிப்போடலாம்.